வாக்காளருக்கு அளித்த வாக்கைக் காத்த ஜேம்ஸ் மடிசன்

அமெரிக்க அரசியலமைப்பின் தந்தை எனப் போற்றப்படும் ஜேம்ஸ் மடிசன், அந்நாட்டின் நான்காவது ஜனாதிபதியாக 1809 முதல் 1817 வரை இரு தவணைகள் பதவி வகித்தவர். எனினும், அவரது பெயரை வரலாற்றில் நிலைநிறுத்திய தேர்தல் ஜனாதிபதித் தேர்தலன்று. வேர்ஜீனியா மாநிலத்தின் எட்டு மாவட்டங்களை உள்ளடக்கிய ஒரு தொகுதியில், 1789ஆம் ஆண்டின் கடுங்குளிரில் நடைபெற்ற பிரதிநிதிகள் சபைத் தேர்தலே அது. அங்கு அவர் வாக்காளருக்கு அளித்த உறுதிமொழியே அமெரிக்க உரிமைகள் சாசனத்துக்கு வழிகோலியது.

மடிசன் 1751 மார்ச் 16இல் வேர்ஜீனியாவில் பிறந்தார். ஒரேஞ்ச் மாவட்டத்தைச் சேர்ந்த செல்வந்தத் தோட்ட உரிமையாளர் ஒருவரின் பன்னிரு பிள்ளைகளில் அவரே மூத்தவர். மெலிந்த உடலும் தாழ்ந்த குரலும் கொண்ட அவர், பின்னாளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமாக வளர்ந்த நியூஜேர்சி கல்லூரியில் 1771இல் பட்டம் பெற்றார். அரச ஆதரவு பெற்றிருந்த திருச்சபையைச் சாராத பப்டிஸ்ட் போதகர்கள் அயல் மாவட்டத்தில் சிறையிடப்பட்டமை அவரது இளம் உள்ளத்தை வெகுவாகப் பாதித்தது. 1776இல் வேர்ஜீனியா மாநாட்டுக்குத் தெரிவான அவர், மதச் சுதந்திரம் என்பது ஆட்சியாளர் காட்டும் சகிப்புத்தன்மையன்று, அது மக்களின் பிறப்புரிமை என்ற கருத்தை மாநில உரிமைப் பிரகடனத்தில் இடம்பெறச் செய்தார்.

மறு ஆண்டே தோல்வி அவரைத் தேடி வந்தது. அக்காலத்தில் இரகசிய வாக்களிப்பு முறை வேர்ஜீனியாவில் இருக்கவில்லை. நிலவுடைமை கொண்ட வாக்காளர் அதிகாரிகள் முன் நின்று, தாம் விரும்பிய வேட்பாளரின் பெயரை உரத்துச் சொல்ல வேண்டும். வேட்பாளர்கள் தேர்தல் நாளில் மதுவிருந்து அளிப்பதும் வழமையாயிருந்தது. ஜோர்ஜ் வொஷிங்டன்கூட 1758இல் இவ்வழமையைப் பின்பற்றியே சட்டசபைக்குத் தெரிவானார். குடியரசுக்கு இது தகாது எனக் கருதிய மடிசன் மது வழங்க மறுத்தார். வாக்காளர்களோ அதனைக் கர்வமாகவும் கஞ்சத்தனமாகவும் எடுத்துக்கொண்டு, மதுச்சாலை நடத்திய ஒருவரைத் தெரிவு செய்தனர்.

பத்தாண்டுகளின் பின்னர், 1787இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பு உருவானபோது மடிசனே அதன் முதன்மைச் சிற்பியாக விளங்கினார். ஆனால் அந்த ஆவணத்தில் உரிமைகள் சாசனம் இருக்கவில்லை. பெரும்பான்மையின் வேகத்தை வெறும் எழுத்துகள் தடுத்து நிறுத்தா என்பதே அன்று அவரது எண்ணமாயிருந்தது. இக்குறையையே எதிரணியினர் முதன்மைப்படுத்தினர். 1788 ஜூனில் வேர்ஜீனியா மாநாடு அரசியலமைப்பை 89க்கு 79 என்ற சொற்ப வித்தியாசத்திலேயே ஏற்றுக்கொண்டது.

எதிரணித் தலைவர் பற்றிக் ஹென்றி மாநிலச் சட்டசபையில் பெருஞ்செல்வாக்குடையவர். செனட்டர்களை அன்று மாநிலச் சட்டசபைகளே தெரிவு செய்தமையால், மடிசனுக்கு அப்பதவி கிடைக்காதபடி அவரால் தடுக்க முடிந்தது. பிரதிநிதிகள் சபைக்கான தொகுதி எல்லைகள் வகுக்கப்பட்டபோது, மடிசனின் ஒரேஞ்ச் மாவட்டம் அரசியலமைப்பை எதிர்த்த மாவட்டங்களுடன் சேர்க்கப்பட்டது. வேட்பாளர் ஓராண்டு அத்தொகுதியிலேயே வசித்திருக்க வேண்டும் என்ற விதியும் கொண்டுவரப்பட்டதால், சாதகமான வேறு தொகுதியை நாடவும் அவருக்கு வழியிருக்கவில்லை. அவரை எதிர்த்துக் களமிறங்கியவர், சுதந்திரப் போரில் காயமுற்ற வீரரும் அவரது நண்பருமான ஜேம்ஸ் மொன்றோ ஆவார்.

வாக்குக் கேட்டுச் செல்வதை விரும்பாத மடிசன், நியூயோர்க்கிலிருந்து ஊர் திரும்பி மக்களைச் சந்திக்கலானார். மதச் சுதந்திரம் பறிபோகும் என அஞ்சிய பப்டிஸ்ட் மக்களுக்கு, முதலாவது காங்கிரசிலேயே உரிமைத் திருத்தங்களைக் கொண்டுவரப் பாடுபடுவதாக உறுதியளித்தார். இரு வேட்பாளர்களும் ஒரே கூட்டங்களில் தோன்றி விவாதித்தனர். ஒரு முறை பனியில் குதிரையேறி வீடு திரும்புகையில் மடிசனின் மூக்கு உறைபனியால் பாதிப்புற்றது. பெப்ரவரி 2இல் நடைபெற்ற தேர்தலில் அவர் 1,308 வாக்குகளும் மொன்றோ 972 வாக்குகளும் பெற்றனர். இப்போட்டி நட்பைக் குலைக்கவில்லை. மடிசனின் ஆட்சியில் மொன்றோ இராஜாங்கச் செயலாளராகி, பின்னர் அவருக்கு அடுத்த ஜனாதிபதியுமானார்.

வென்ற பின் வாக்குறுதியை மறப்பது மடிசனுக்கு எளிதாகவே இருந்திருக்கும். அவரது அணியே சபையில் பெரும்பான்மையாக இருந்தது. வரி வருமானமே அவசரமானது எனச் சக உறுப்பினர்கள் வாதிட்டனர். இருந்தும் 1789 ஜூன் 8இல் அவர் திருத்தங்களைச் சமர்ப்பித்து, விடாது வலியுறுத்தினார். பிரதிநிதிகள் சபை ஏற்ற 17 திருத்தங்கள் செனட்டில் 12ஆகக் குறைந்தன. அவற்றுள் 10 திருத்தங்கள் 1791 டிசெம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தன. அவையே உரிமைகள் சாசனம் ஆகும்.

அச்சாசனத்தின் நிழல் எல்லோருக்கும் எட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெண்களும் நிலமற்றோரும் அடிமைகளும் அவருக்கு வாக்களித்தோரில் இல்லை. அடிமைகள் ஐவரை மூவராகக் கணக்கிட்டு ஆசனங்கள் பகிரப்பட்டபோதும், அவர்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை. அடிமைமுறை தீயது என அறிந்திருந்த மடிசனும் தம் அடிமைகளை விடுவிக்காமலேயே, 1836 ஜூன் 28இல் தமது 85ஆவது வயதில் காலமானார்.

ஆயினும், அந்தத் தேர்தல் விட்டுச்சென்ற படிப்பினை பெறுமதியானது. அதிகாரத்திலுள்ளோர் வகுக்கும் எல்லைகள் வாக்காளரின் தீர்ப்பை முன்கூட்டியே நிர்ணயித்துவிட முடியாது. தம்மை நம்பாத மக்களின் அச்சத்துக்குச் செவிமடுத்து, வென்ற பின்னும் அதனை மறவாதிருந்தவர் மடிசன். தமக்குத் தேவையற்றதெனத் தோன்றிய ஒன்றையே அவரது பெரும் சாதனையாக்கியவர்கள் அந்த எட்டு மாவட்டங்களின் வாக்காளர்களே ஆவர்.