இரண்டு குழுக்களை அனுப்பியவர்

அருமனையில் என் உறவினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்பு ரப்பர் ஷீட் வாங்கி விற்பதற்காக ஒரு தனியார் நிறுவனத்தைப் பதிவு செய்தார். இன்று அவர் ஷீட் விற்பதில்லை. இயந்திரங்களுக்கு வேண்டிய ரப்பர் வளையங்களையும் அதிர்வு தாங்கும் பட்டைகளையும் வார்த்துத் தருகிறார். ஆனால், அவருடைய நிறுவனத்தின் 21 இட அடையாளக் குறியில் இன்னும் வணிகத்துக்கான எண்ணே நிற்கிறது. பதிவு அலுவலகமும் தணிக்கையாளரின் வசதிக்காகச் சென்னையில்தான் இருக்கிறது. நிறுவனப் பதிவேட்டை மட்டும் வைத்து ஒருவர் தொழில் வரைபடம் போட்டால், அருமனையில் ஓர் உற்பத்தியாளர் இருக்கமாட்டார்; சென்னையில் ஒரு வணிகர் கூடுதலாக இருப்பார்.

இத்தகைய வரைபடங்களுக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. எந்த மாவட்டத்தில் எந்தப் புதிய தொழில் தலையெடுக்கிறது என்பதை நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், வரித் தாக்கல்கள், இணையதள விவரங்கள் ஆகியவற்றிலிருந்து கண்டறிந்து, தொழிற்பேட்டையையும் பயிற்சி நிலையத்தையும் அங்கே அமைக்கலாம் என்கிறார்கள். எண்ணம் நல்லதுதான். பழைய வகைப்பாட்டு எண்களில் புதிய தொழில்களுக்கு இடமிருப்பதில்லை; நிறுவனத் தரவோ ஆண்டுதோறும் வந்து சேர்கிறது. ஆனால், அந்தத் தரவை எவ்வளவு நம்புவது என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு பிரசாந்த சந்திர மகலனோபிஸின் நினைவு வருகிறது.

அவர் 1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் ஒரு பிரம்ம சமாஜக் குடும்பத்தில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, 1913-ல் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜைச் சுற்றிப்பார்க்கப் போனவர் திரும்பும் ரயிலைத் தவறவிட்டு, கிங்ஸ் கல்லூரியின் தேவாலய அழகில் மயங்கி, அங்கேயே மாணவராகச் சேர்ந்தார். அங்கு அவருக்கு வாய்த்த நண்பர் நம் ராமானுஜன். இரவெல்லாம் குளிர்கிறது என்று ராமானுஜன் வருந்தியபோது, மகலனோபிஸ் அவருடைய படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் எல்லாம் மெத்தையோடு சேர்த்துச் செருகியபடியே கிடந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதை அறியாமல், கணித மேதை அவற்றின் மேல் மேலங்கியோடு படுத்திருந்தார். குளிரைப் பற்றி ஆயிரம் விளக்கம் சொல்லியிருக்கலாம். இவர் அறைக்குள் போய்ப் பார்த்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதல் உலகப் போரால் ஊர் திரும்பும் கப்பல் தாமதமானது. அந்த இடைவெளியில் ஆசிரியர் ஒருவர் காட்டிய பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் இதழின் தொகுதிகளை வாங்கிக்கொண்டு, கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். வாழ்க்கை திசைமாறியது. கல்லூரியில் இயற்பியல் கற்பித்தபடியே வெள்ளம், மழை, மனித உடலளவுகள் என்று கைக்குக் கிடைத்த எண்களையெல்லாம் ஆராய்ந்தார். 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தோன்றியது. அதன் தொடக்கம் கல்லூரியின் ஓர் அறைதான்.

அவருடைய பெரும் சோதனை 1937-ல் தொடங்கிய வங்காளச் சணல் கணக்கெடுப்பு. எவ்வளவு நிலத்தில் சணல் விளைகிறது என்பதை வயல் வயலாக எண்ணிப் பார்க்கும் வழக்கத்துக்கு மாற்றாக, குலுக்கல் முறையில் தேர்ந்த சிறு துண்டுகளை மட்டும் அளந்து மொத்தத்தைக் கணித்தார். செலவு முழு எண்ணிக்கையில் ஒரு சிறு பகுதியே. அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு வேறு. ஒரே பரப்பிலிருந்து இரண்டு தனித்தனி மாதிரிகளைத் தேர்ந்து, ஒருவரையொருவர் கலந்துகொள்ளாத இரண்டு குழுக்களிடம் ஒப்படைத்தார். இரண்டு விடைகளும் பெரிதும் வேறுபட்டால் எங்கோ மனிதப் பிழை இருக்கிறது என்று பொருள். மாதிரியின் பிழையைக் கணிதம் சொல்லிவிடும். மரத்தடியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பியவரின் பிழையை இன்னொரு படிவம்தான் காட்டும்.

விடுதலைக்குப் பின் அவர் கைபடாத கணக்கு எதுவும் தில்லியில் இல்லை. 1949-ல் தேசிய வருமானக் குழுவின் தலைவர். 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு. அடுத்து மத்தியப் புள்ளியியல் அமைப்பு. தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பு 1959-ஐ ஆதார ஆண்டாகக் கொண்டு 1960-ல் தொடங்கியது. மின்சாரம் இருந்தால் பத்துப் பேர், இல்லையேல் இருபது பேர் வேலை செய்யும் பதிவுபெற்ற ஆலைகள்தாம் அதன் வரம்பு. வீட்டு முற்றத்தில் ரோலர் வைத்து ஷீட் அடிக்கும் எங்கள் ஊர் அதற்கு வெளியே நின்றது.

1955-ல் அவர் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவுச் சட்டகத்தை அளித்தார். பொருளாதாரம் முழுவதையும் முதலீட்டுப் பொருள், ஆலையில் செய்யும் நுகர்பொருள், வேளாண்மையும் குடிசைத் தொழிலும் சேர்ந்த நுகர்பொருள், சேவை என நான்காகப் பிரித்து, இயந்திரம் செய்யும் தொழிலுக்கு முன்னுரிமை தந்தார். பி. ஆர். ஷெனாய் மறுப்புக் குறிப்பு எழுதினார். என் பார்வையில், சணல் வயலில் இரண்டு குழுக்களை அனுப்பியவர் தன் மாதிரிச் சமன்பாட்டுக்கு மட்டும் அந்த ஐயத்தைப் போதிய அளவு காட்டவில்லை. அந்தத் திட்டம் 1956 ஏப்ரலில் தொடங்கியபோது அருமனை திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்தில் இருந்தது. நவம்பர் முதல் நாள் சென்னை மாநிலத்துக்கு வந்தது. நான்கு துறைகளில் நாங்கள் எதில் இருந்தோம் என்பதை எங்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அவர் 1972 ஜூன் 28 அன்று, எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு ஒருநாள் முன்பு மறைந்தார். 2007 முதல் அவருடைய பிறந்தநாள் தேசியப் புள்ளியியல் தினம். 2015-ல் நாட்டின் உற்பத்திக் கணக்கு புதிய அடிப்படைக்கு மாறியபோது, நிறுவன விவகார அமைச்சகத்தின் தரவுத்தளம் அதற்குள் வந்தது. சேவைத் துறை நிறுவனங்களை நேரில் தேடிச் சென்ற தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, தேடியவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை முகவரியில் இல்லை அல்லது வேறு துறையில் இருக்கின்றன என்ற விவரத்தை 2019-ல் வெளியிட்டது. உற்பத்திக் கணக்கு இதனால் பாதிக்கப்படவில்லை என்று அரசு விளக்கியது. அந்த விவாதம் அப்படியே இருக்கட்டும். மகலனோபிஸ் உருவாக்கிய அமைப்பு, அவர் வழியிலேயே கதவைத் தட்டிப் பார்த்தது என்பதைக் கவனியுங்கள்.

மேற்குக் குமரியில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைத்துத் தேன் எடுப்பவர், ஒட்டுப்பால் சேகரிப்பவர், முந்திரிப் பருப்பு உடைக்கும் பெண்கள் இவர்களில் பெரும்பாலோர் எந்த நிறுவனப் பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டில் இருக்கும் என் உறவினரோ தவறான பெயரில், தவறான ஊரில் இருக்கிறார். அவருக்கு வேண்டியது வார்ப்பு அச்சு செய்யத் தெரிந்த இருவரும் ஒரு சோதனைக் கூடமும். வரைபடத்தில் வணிகராக நிற்கும்வரை அவை வேறெங்கோதான் போய்ச்சேரும்.

மாவட்டத்துக்கு அப்படியொரு வரைபடம் தயாரிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. குலசேகரம் முதல் மார்த்தாண்டம் வரை பதிவேட்டில் உள்ள நிறுவனங்களிலிருந்து குலுக்கலில் இரண்டு தனிப் பட்டியல்களை எடுங்கள். இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்புங்கள். வழியில் பதிவேட்டில் இல்லாத பட்டறை எத்தனை கண்ணில் படுகிறது என்பதையும் அவர்கள் எழுதிக்கொண்டு வரட்டும். மழை ஓய்ந்து பால்வெட்டு நடக்கும் மாதங்களில் வந்தால், எங்கள் ஊரில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது காலை பத்து மணிக்குள் தெரிந்துவிடும்.