ஸ்டான்லி மில்கிராம்: 450 வோல்ட் சோதனையை நடத்தியவரின் கதை

1961-ம் ஆண்டு கோடைக்காலம். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகர நாளிதழில் ஒரு விளம்பரம் வந்தது. நினைவாற்றல் பற்றிய ஆய்வுக்கு 500 ஆண்கள் தேவை, ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும், 4 டாலர் கிடைக்கும், போக்குவரத்துச் செலவுக்குத் தனியாக 50 சென்ட். நடத்துவது யேல் பல்கலைக்கழகம். தபால் ஊழியர்கள், விற்பனையாளர்கள், பள்ளி ஆசிரியர்கள், பொறியாளர்கள், கூலித் தொழிலாளர்கள் என்று பலரும் வந்தார்கள். அது நினைவாற்றல் பற்றிய ஆய்வே இல்லை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

விளம்பரம் கொடுத்த உதவிப் பேராசிரியருக்கு அப்போது வயது 27. வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெயர் ஸ்டான்லி மில்கிராம். சமூக உளவியல் படிக்கும் மாணவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் முதல் வருடத்திலேயே சந்திக்கும் பெயர் இது. பெயரோடு சேர்த்து ஒரு எண்ணையும் மனப்பாடம் செய்வார்கள்: 65 சதவீதம். அந்த எண் அவருக்குப் புகழைக் கொடுத்தது. வேலைக்கும் உலை வைத்தது. ஆனால் அவருடைய ஆய்வு சொன்னது அந்த ஒரு எண் மட்டும்தானா?

பேக்கரிக்காரர் மகன்

மில்கிராம் பிறந்தது 1933 ஆகஸ்ட் 15, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில். அப்பா ஹங்கேரியில் இருந்தும், அம்மா ருமேனியாவில் இருந்தும் வந்த யூதர்கள். அப்பாவுக்கு பேக்கரி தொழில். பள்ளியில் இவருடன் படித்த ஒரு பையன் பிலிப் ஜிம்பார்டோ. ஆமாம், 1971-ல் ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையை நடத்திய அதே ஜிம்பார்டோதான். ஒரே வகுப்பில் இருந்து இப்படி இரண்டு பேர்!

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது மில்கிராமுக்கு வயது 12. நாஜி வதை முகாம்களில் உயிர் பிழைத்த உறவினர்கள் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். அவர்கள் கையில் முகாம் எண் பச்சை குத்தப்பட்டிருந்தது. அப்பா அம்மா கப்பல் ஏறாமல் ஐரோப்பாவிலேயே இருந்திருந்தால் தனக்கும் அதே கதிதான் என்ற எண்ணம் அவரை விடவே இல்லை.

கல்லூரியில் எடுத்தது உளவியல் இல்லை, அரசியல் அறிவியல். அதனாலேயே ஹார்வர்டில் உளவியல் முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்தபோது முதலில் இடம் மறுத்துவிட்டார்கள். மனிதர் அசரவில்லை. 1954 கோடையில் நியூயார்க்கின் மூன்று கல்லூரிகளில் ஆறு உளவியல் பாடங்களை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அதே ஆண்டு ஹார்வர்டுக்குள் நுழைந்தார்.

அங்கே கிடைத்த குரு சாலமன் ஆஷ். ஆஷின் சோதனை எளிமையானது. கோடுகளைக் காட்டி எது சம நீளம் என்று கேட்பார்கள். குழந்தைகூடச் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் கூட உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பேசிவைத்துக்கொண்டு தவறான பதிலைச் சொல்வார்கள். விஷயம் தெரியாத அந்த ஒரே ஆள் என்ன செய்வார்? மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான தடவைகளில் ஊரோடு ஒத்துப் போனார்கள்.

மில்கிராம் தன் முனைவர் பட்டத்துக்காக இதே சோதனையை, கோட்டுக்குப் பதில் ஒலியை வைத்து, நார்வேயிலும் பிரான்ஸிலும் நடத்தினார். நார்வேக்காரர்கள்தான் அதிகம் ஒத்துப் போனார்கள். ஆனால் ஒரு விஷயம் அவரை உறுத்தியது. கோட்டின் நீளத்தைத் தப்பாகச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? இன்னொரு மனிதரைத் துன்புறுத்தச் சொல்லி ஒரு குழு நெருக்கினால்? அதை அளக்க வேண்டுமென்றால், குழுவே இல்லாமல் சோதனை நடத்துபவர் மட்டும் சொன்னால் ஒருவர் எவ்வளவு தூரம் போவார் என்று முதலில் தெரிய வேண்டும். வெறும் ஒப்பீட்டுக்காக யோசித்த இந்த இடத்தில்தான் அவருக்குப் பொறி தட்டியது. உண்மையான கேள்வியே இதுதானே!

அந்த நேரத்தில்தான், 1961 ஏப்ரலில், லட்சக்கணக்கான யூதர்களைக் கொலை முகாம்களுக்கு ரயிலேற்றி அனுப்பிய அடால்ஃப் ஐக்மன் மீதான விசாரணை ஜெருசலேமில் தொடங்கியது. மேலிடத்து உத்தரவை நிறைவேற்றியதுதான் தன் வேலை என்பது ஐக்மனின் வாதம். நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட்டில், யேலில் சோதனை ஆரம்பமானது.

சாம்பல் நிறக் கோட்டும் 30 சுவிட்சும்

விளம்பரம் பார்த்து வந்தவரோடு இன்னொருவரும் இருப்பார். அமைதியான நடுத்தர வயது ஆள். யார் ஆசிரியர், யார் மாணவர் என்று சீட்டு எடுப்பார்கள். இரண்டு சீட்டிலும் ஆசிரியர் என்றே எழுதியிருக்கும். அந்த இன்னொரு ஆள் மில்கிராமின் ஏற்பாடு.

மாணவரைப் பக்கத்து அறையில் நாற்காலியில் கட்டிவைத்து, கையில் மின்வாயைப் பொருத்துவார்கள். ஆசிரியர் முன்னால் ஒரு பெரிய பெட்டி. அதில் 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை 30 சுவிட்சுகள். முதல் சுவிட்சுகளுக்கு மேலே லேசான ஷாக் என்று எழுதியிருக்கும். போகப் போக அபாயம் என்று வரும். கடைசி இரண்டுக்கு வார்த்தையே கிடையாது, மூன்று எக்ஸ் எழுத்துகள் மட்டும். மாணவர் தப்பாகப் பதில் சொன்னால் ஷாக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு சுவிட்ச் மேலே போக வேண்டும். நம்பிக்கை வரட்டும் என்று ஆசிரியருக்கே 45 வோல்ட்டில் ஒரு ஷாக் கொடுத்துக் காட்டுவார்கள். அந்தப் பெட்டியில் இருந்து வந்த நிஜமான ஷாக் அது ஒன்றுதான்.

300 வோல்ட்டில் மாணவர் சுவரை டம் டம் என்று உதைப்பார். 315-க்குப் பிறகு சத்தமே இருக்காது. பதிலும் வராது. ஆசிரியர் தயங்கினால், சாம்பல் நிறக் கோட் போட்ட சோதனையாளர் நான்கு படிகளில் வற்புறுத்துவார். முதலில் தயவுசெய்து தொடரச் சொல்வார். அடுத்து சோதனைக்கு இது தேவை என்பார். பிறகு கண்டிப்பாக அவசியம் என்பார். கடைசியில் உங்களுக்கு வேறு வழியே இல்லை என்பார். அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, பூட்டிய கதவு இல்லை. 4 டாலரும் வந்ததற்கே உங்களுடையது என்று முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது.

எத்தனை பேர் கடைசி சுவிட்ச் வரை போவார்கள் என்று மனநல மருத்துவர்களிடம் மில்கிராம் கேட்டுப் பார்த்தார். ஆயிரத்தில் ஒருவர் போகலாம் என்பது அவர்கள் கணிப்பு.

போனது 40 பேரில் 26 பேர். 65 சதவீதம்.

யாரும் ஜாலியாகச் செய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வியர்த்தது, கை நடுங்கியது, உதட்டைக் கடித்தார்கள். 14 பேர் காரணமே இல்லாமல் பதற்றத்தில் சிரித்தார்கள். நிறுத்திவிடலாம் என்று வாதாடிக்கொண்டே அடுத்த சுவிட்சை அழுத்தியவர்களும் உண்டு.

பாடப்புத்தகம் தாண்டிப் போகும் இடம்

பலருக்கும் தெரிந்த கதை இதோடு முடிந்துவிடும். ஆனால் மில்கிராம் 20-க்கும் மேற்பட்ட வடிவங்களில், சுமார் 780 பேரிடம் இதை நடத்தினார். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

மாணவரை அதே அறையில் உட்கார வைத்தபோது 65 சதவீதம் 40 ஆனது. மாணவரின் கையைப் பிடித்து மின்தகட்டில் அழுத்த வேண்டும் என்றபோது 30. சோதனையாளர் வெளியே போய் போனில் உத்தரவு கொடுத்தால் சுமார் 21. அதிலும் சிலர், ஷாக்கைக் கூட்டிக்கொண்டே போவதாக போனில் பொய் சொல்லிவிட்டு, உண்மையில் குறைவான சுவிட்சையே அழுத்தினார்கள். யேலின் பெயரை எடுத்துவிட்டு பிரிட்ஜ்போர்ட் நகரத்தில் ஒரு சாதாரண அலுவலகத்தில் நடத்தியபோது சுமார் 48.

பக்கத்தில் இன்னும் இரண்டு ஆசிரியர்களை உட்கார வைத்து, அவர்கள் பாதியில் முடியாது என்று எழுந்துவிட்டால்? கடைசி வரை போனது 40 பேரில் 4 பேர்தான். இதற்கு நேர் எதிரான ஒரு வடிவமும் உண்டு. சுவிட்சை வேறொருவர் அழுத்துவார், வந்தவருக்குச் சின்ன உதவி வேலை மட்டும். அதில் 40 பேரில் 37 பேர் கடைசி வரை கூடவே இருந்தார்கள். கோப்பில் கையெழுத்து மட்டும் போட்டேன் என்று சொல்பவர்களை நினைத்துக்கொண்டால் இந்த 37 கொஞ்சம் கனமாகவே இருக்கும்.

மனிதர்கள் எல்லோரும் கொடூரமானவர்கள் என்று மில்கிராம் நிரூபித்துவிட்டார் என்பார்கள் சிலர். அது சரியான வாசிப்பு இல்லை. அதே ஊர், அதே மாதிரி ஆட்கள்தான். மாறியது தூரம், கூட இருந்தவர்கள், யார் எங்கே நின்றார்கள் என்பது. அதற்கேற்ப எண்ணும் 90-க்கு மேலே ஏறியது, 10-க்கு இறங்கியது.

சோதித்தவருக்கே சோதனை

1963-ல் கட்டுரை வெளியானது. அடுத்த வருடமே டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் கேள்வி எழுப்பினார். உதவி செய்ய வந்தவர்களை ஏமாற்றி, ஒரு மனிதரைக் கொன்றுவிட்டோமோ என்று பதற வைப்பதற்கு ஓர் ஆய்வாளருக்கு என்ன உரிமை? அமெரிக்க உளவியல் சங்கம் அவருடைய உறுப்பினர் விண்ணப்பத்தையே ஒரு வருடம் நிறுத்திவைத்தது.

கலந்துகொண்டவர்களுக்குப் பிறகு கேள்வித்தாள் அனுப்பியதில், பதில் அளித்தவர்களில் 84 சதவீதத்தினர் பங்கேற்றதில் மகிழ்ச்சி என்றே சொன்னதாக மில்கிராம் பதிலளித்தார். அது உண்மைதான். ஆனால் பலருக்கு ஷாக் பொய் என்பது அன்றைக்கே சொல்லப்படவில்லை, பல மாதம் கழித்துத் தபாலில் வந்த அறிக்கையில்தான் தெரிந்தது என்பதும் உண்மை. யேலில் உள்ள பதிவுகளை ஆராய்ந்து ஜினா பெரி என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் இதை வெளியே கொண்டுவந்தார். சோதனையாளர் நான்கு படிகளோடு நிற்காமல் கூடுதலாக வற்புறுத்தியதும் அந்த ஒலிப்பதிவுகளில் இருக்கிறது. இந்தக் குறைகளை ஒதுக்கிவிட்டு மில்கிராமைப் படிக்க முடியாது.

1963-ல் ஹார்வர்டுக்குப் போனார். அங்கே நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. சர்ச்சையின் நிழல் கூடவே வந்தது. 1967-ல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஹார்வர்டோடு ஒப்பிட்டால் இறக்கம்தான். ஆனால் ஒரு முழு நகரமே அவருக்கு ஆய்வுக்கூடமாகக் கிடைத்தது.

யாரும் யாருக்கும் ஆறு பேர் தூரம்தான் என்று சொல்கிறோமே, அதற்கு விதை இவருடைய தபால் சோதனை. நெப்ராஸ்காவிலும் பாஸ்டனிலும் இருந்த 296 பேரிடம், பாஸ்டனில் வேலை பார்க்கும் ஒரு பங்குத் தரகருக்கு, தெரிந்தவர் மூலமாக மட்டுமே கைமாற்றி ஒரு கடிதக் கட்டைச் சேர்க்கச் சொன்னார். போய்ச் சேர்ந்தது 64. அவற்றில் இடையில் இருந்தவர்கள் சராசரியாக 5 பேர். பெரும்பாலானவை வழியிலேயே நின்றுவிட்டன என்பதை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சப்வேயில் ஒரு சீட்

1970-களில் அவருடைய மாமியார் ஒரு கேள்வி கேட்டார். வயதானவர் நின்றால் சப்வே ரயிலில் இளைஞர்கள் ஏன் எழுந்து இடம் கொடுப்பதில்லை? இடம் கொடுங்கள் என்று கேட்டீர்களா என்று பதிலுக்குக் கேட்டார் மில்கிராம். அவர் கேட்டதில்லை. அப்போ கேட்டுப் பார்த்தால் என்ன?

மாணவர்களை அனுப்பினார். காரணம் எதுவும் சொல்லாமல், முன்பின் தெரியாதவரிடம் உங்கள் சீட்டைத் தருவீர்களா என்று கேட்க வேண்டும். 68 சதவீதம் பேர் எழுந்து கொடுத்தார்கள். ஆனால் மாணவர்கள் அந்த வேலையை வெறுத்தார்கள். 20 பேரிடம் கேட்க ஒப்புக்கொண்ட ஒரு மாணவர் 14 பேரோடு திரும்பி வந்துவிட்டார். இதில் என்ன அவ்வளவு கஷ்டம் என்று மில்கிராமே ரயில் ஏறினார்.

ஒருவர் அருகே போய் நின்றார். வார்த்தை தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது. பின்வாங்கினார். பல தடவை முயன்ற பிறகு, அடைத்த குரலில் ஒருவழியாகக் கேட்டுவிட்டார். அந்த ஆளும் உடனே எழுந்து கொடுத்தார். உட்கார்ந்ததும் மில்கிராமுக்கு ஒரு விசித்திரமான தவிப்பு: கேட்டதை நியாயப்படுத்தியாக வேண்டும், நோயாளி மாதிரி தெரிந்தாக வேண்டும். தலையை முழங்கால்களுக்கு நடுவே கவிழ்த்துக்கொண்டார். முகம் வெளுத்துப் போனது. நடிப்பு இல்லை, நிஜமாகவே உடம்பு சரியில்லாத மாதிரி இருந்தது. யாரும் எழுதிவைக்காத, யாரும் உத்தரவு போடாத ஒரு விதியை மீறியதற்கே இப்படி. பல வருடம் முன்பு யேலில் பெட்டி முன்னால் வியர்த்து நின்றவர்களுக்கு அருகில் அவர் வந்தது அன்றைக்குத்தான் என்று தோன்றுகிறது.

கீழ்ப்படிதல் பற்றிய அவருடைய புத்தகம் 1974-ல் வந்தது. இதயம் அவருக்கு அடிக்கடி மக்கர் செய்தது. 1984 டிசம்பர் 20 அன்று ஒரு மாணவியின் முனைவர் பட்டத் தேர்வில் உட்கார்ந்து முடித்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று மருத்துவமனைக்குப் போனார். ஐந்தாவது மாரடைப்பு. வயது 51.

விதிகள் இறுகிவிட்டதால் அவர் செய்த அதே சோதனையை இன்று அப்படியே செய்ய அனுமதி கிடைக்காது. ஜெர்ரி பர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 150 வோல்ட்டோடு நிறுத்தும் ஒரு வடிவத்தை நடத்தி, முடிவுகளை 2009-ல் வெளியிட்டார். 70 சதவீதம் பேர் அதையும் தாண்டத் தயாராக இருந்தார்கள். ஆனால் உங்களுக்கு வேறு வழியே இல்லை என்ற நான்காவது படி இருக்கிறதல்லவா, உத்தரவு மாதிரி ஒலிக்கும் ஒரே படி? அதைக் கேட்ட பிறகு ஒருவர்கூடத் தொடரவில்லை.