ஆசிரியர்களுக்கு ஆசிரியை
மாண்டிசோரி என்றதும் கட்டணம் மிகுந்த பாலர் பள்ளிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், 1870-இல் இத்தாலியில் பிறந்த மரியா மாண்டிசோரி அம்மையார் முதலில் ஒரு மருத்துவர். ரோம் நகர மனநலக் காப்பகத்தில் அடைபட்டுக் கிடந்த குழந்தைகளைக் கண்டவர், அவர்களுக்குத் தேவை மருந்தன்று, கல்வியே என்றார். 1900-இல் அங்கே தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் இணை இயக்குநரானார். விரலால் தடவிக் கற்க மர எழுத்துகளைச் செய்வித்தார். 1907-இல் சான் லொரென்சோ ஏழைப் பிள்ளைகளுக்கு அவையே உப்புத்தாள் எழுத்துகளாயின. ஒதுக்கப்பட்டவருக்குச் செய்தது எல்லாருக்கும் பொருந்தியது!

இதைப் படித்தபோது, கடைசி வரிசையிலேயே ஆறாண்டுகளைக் கழித்த தமிழ்ப்பள்ளித் தோழன் ஒருவனை நினைத்துக்கொண்டேன். அவன் விரல்களுக்கு யாரும் எழுத்தைத் தந்ததில்லை.

1939-இல் அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்க, அவர் மகன் சிறைவைக்கப்பட்டார். பயிற்சி நிற்கவில்லை.