தமிழவேள் கோ. சாரங்கபாணி

மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று பட்டம் பெறும் வாய்ப்பு நமக்கு எளிதில் கிட்டியதன்று. அதற்காக ஓயாது உழைத்தவருள் முதன்மையானவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி.

1903ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்த அவர், 1924இல் சிங்கப்பூர் வந்து கடையொன்றில் கணக்கெழுதும் பணியில் அமர்ந்தார். 1935இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கினார். அக்காலத்தில் அதன் விலை ஒரு காசுதான்!

1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் நிறுவப்பட்டது. சில ஆண்டுகளில் அங்கு இந்தியப் பகுதி ஒன்றை அமைக்கத் திட்டம் எழுந்தது. அதில் முதன்மையாகக் கற்பிக்க வேண்டியது வடமொழியா, தமிழா? வடமொழிக்கே முதலிடம் தரவேண்டும் என்றனர் அறிஞர் சிலர். இந்நாட்டு இந்தியருள் பெரும்பாலோர் தமிழரல்லரோ? தோட்டப்பள்ளியில் தமிழெழுத்துக் கற்ற பிள்ளை, பட்டப்படிப்பு வரை அம்மொழியைத் தொடர வழி வேண்டாமா?

சாரங்கபாணி தம் இதழில் இதனை விடாது எழுதினார். ஊர்தோறும் ஆதரவு திரட்டினார். வெறுங்கையோடு உரிமை கேட்டல் தகாதென்று கருதினார் போலும். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரால் நிதி திரட்டிப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நூல்கள் சேர வழிசெய்தார். செல்வரை மட்டும் நம்பிய நிதியன்று அது. மரம் சீவிய நம் முன்னோரும் தம் சிறுகூலியிலிருந்து ஈந்தனர்.

1956இல் இந்தியப் பகுதி தொடங்கியது. தமிழும் அங்கு இடம்பெற்றது. பின்னர் அது கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயக அடிகளார் அதன் தலைவராயிருந்த காலத்தில், 1966இல், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்தது. தமிழவேள் 1974ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் மறைந்தார்.