பழைய வண்டியும் பழைய நண்பரும்



பல வருஷம் கழித்து ஒரு நாள் கூடுகிறோம். பலருக்குத் தலை நரைத்துவிட்டது. சிலருக்கு நரைக்கவும் முடி இல்லை. ஆனாலும் பழைய வகுப்பறைக்குள் நுழைந்தால் கை தானாகவே அந்தப் பெஞ்சைத் தடவிப் பார்க்கிறது. இது நமக்கு மட்டும் உள்ள பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் உலகத்தையெல்லாம் காரில் ஏற்றிவிட்ட ஹென்றி ஃபோர்டுக்கும் இதே பைத்தியம் இருந்தது. கோடீஸ்வரர் ஃபோர்டைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். பழைய வண்டியையும் பழைய நண்பரையும் விடாமல் பிடித்துக்கொண்ட ஃபோர்டை இந்த மலரில் பார்ப்போமே!

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்ன் பக்கத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் 1863 ஜூலை 30-ஆம் தேதி பிறந்தவர் ஃபோர்டு. மண்வெட்டியை விட ஸ்பேனர்தான் அவருக்குப் பிடித்தது. டெட்ராய்ட் நகருக்குப் போய், எடிசன் பெயரில் இயங்கிய மின்சாரக் கம்பெனியில் எஞ்சினியராகச் சேர்ந்தார். பகலில் கம்பெனி வேலை. இரவில் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் சொந்த வேலை. நான்கு சைக்கிள் சக்கரங்களை மாட்டி, பெட்ரோல் எஞ்சின் வைத்து, ஒரு வண்டி செய்தார். 1896 ஜூன் 4-ஆம் தேதி விடியுமுன் வண்டி தயார். ஆனால் கொட்டகையின் வாசல் சின்னது, வண்டி பெரியது! மனுஷர் யோசிக்கவேயில்லை. கோடாலியை எடுத்துச் செங்கல் சுவரை உடைத்து வண்டியை வெளியே தள்ளினார். அந்த வண்டிக்குப் பின்பக்கம் போகிற கியரே கிடையாது. (அவர் குணமும் அப்படித்தான் என்பது போகப் போகத் தெரியும்.)

அதே வருஷம் ஆகஸ்டில் நியூயார்க் பக்கம் மின்சாரக் கம்பெனிகளின் மாநாடு நடந்தது. அங்கே தாமஸ் எடிசன் வந்திருந்தார். எடிசனுக்கு 49 வயது, உலகப் புகழ். ஃபோர்டுக்கு 33, பெயர் தெரியாத எஞ்சினியர். யாரோ ஒருவர் ஃபோர்டின் வண்டியைப் பற்றிச் சொல்ல, காது மந்தமான எடிசன் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார். ஃபோர்டு படம் வரைந்து காட்டினார். எடிசனோ மின்சார மனிதர். ஆனாலும் தனக்கு வேண்டிய சக்தியைத் தானே சுமந்து செல்லும் பெட்ரோல் வண்டிதான் சரி, விடாதே என்று தட்டிக்கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையை ஃபோர்டு சாகும்வரை மறக்கவில்லை.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 1903-ல் ஃபோர்டு மோட்டார் கம்பெனி, 1908-ல் 'மாடல் டி', 1913-ல் நகரும் உற்பத்தி வரிசை, 1914-ல் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் கூலி. பணம் குவிந்தது. பணம் வந்ததும் பழைய ஆளை மறப்பது உலக வழக்கம். ஃபோர்டு, ஃபுளோரிடாவில் எடிசன் வீட்டுக்கு அடுத்த வீட்டை 1916-ல் விலைக்கு வாங்கினார். அந்த வீட்டின் பெயர் என்ன தெரியுமா? மாங்கோஸ், அதாவது மாம்பழங்கள்!

ஜான் பர்ரோஸ் என்ற இயற்கை எழுத்தாளர் கார் என்றாலே ஆகாதவர். ஃபோர்டு அவரோடு சண்டைக்குப் போகவில்லை. 1913-ல் ஒரு காரை அனுப்பிவைத்தார். 75 வயதுக் கிழவர் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு நாள் நேராகக் களஞ்சியச் சுவரில் கொண்டுபோய் மோதினார். ஆனாலும் வண்டியை விடவில்லை. டயர் தயாரித்த ஹார்வி ஃபயர்ஸ்டோனும் சேர, நால்வரும் கோடையில் கூடாரம் கட்டிக்கொண்டு காடு மலை என்று சுற்றினார்கள். ஃபோர்டு விறகு பிளப்பார். எடிசன் மரத்தடியில் படுத்துத் தூங்கிவிடுவார். 1921-ல் பர்ரோஸ் காலமானார். 1924-க்குப் பிறகு அந்தப் பயணங்களும் நின்றன.

1927 மே 26 அன்று ஒன்றரைக் கோடியாவது 'மாடல் டி' வெளிவந்தது. ஃபோர்டு அந்தப் புது வண்டியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. முன்பு 200 டாலருக்கு விற்று, பிறகு தேடிப்பிடித்துத் திரும்ப வாங்கியிருந்த அந்தச் சைக்கிள் சக்கர வண்டியை வெளியே எடுத்து, 63 வயதில் தாமே ஓட்டிக் காட்டினார்.

மின்விளக்கின் ஐம்பதாவது ஆண்டு விழா 1929 அக்டோபர் 21-ல் டியர்பார்னில் நடந்தது. எடிசனின் பழைய மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தை ஃபோர்டு அப்படியே அங்கே எழுப்பியிருந்தார். மண்ணைக்கூட நியூஜெர்சியிலிருந்து கொண்டுவந்திருந்தார். ஜனாதிபதி ஹூவர், மேரி கியூரி அம்மையார், ஆர்வில் ரைட் எல்லாரும் வந்தார்கள். எடிசனுக்கு 82 வயது. அந்தக் காலத்து உதவியாளர் ஃபிரான்சிஸ் ஜெல் கூட இருக்க, பழைய சோதனையை மறுபடி செய்து காட்டினார். எல்லாம் சரி, ஆனால் எங்கள் தரை இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லையே என்று கேலியும் செய்தாராம். அன்று எடிசன் உட்கார்ந்த நாற்காலியை அந்த இடத்திலேயே ஆணியடித்துவிடச் சொன்னார் ஃபோர்டு என்பார்கள். இதை விடப் பெரிய பழைய மாணவர் சந்திப்பு எங்கே நடந்திருக்கிறது, சொல்லுங்கள்!

இரண்டே ஆண்டில், 1931-ல் எடிசன் மறைந்தார். படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த டெஸ்ட் டியூப்களை மெழுகால் அடைக்கச் செய்து, அதில் ஒன்றை எடிசனின் மகன் சார்லஸ் ஃபோர்டுக்கு அனுப்பினார். நண்பர் கடைசி மூச்சு விட்ட அறையின் காற்று!

இதோடு முடித்தால் ஃபோர்டு ஒரு புண்ணியவான் ஆகிவிடுவார். உண்மை அப்படி இல்லை. 1920-களில் தம் பத்திரிகையில் யூதர்கள்மேல் வெறுப்பைக் கொட்டினார். 1927-ல் மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. 1937-ல் அவருடைய ஆட்கள் தொழிற்சங்கத்தினரை அடித்தார்கள். எல்லாவற்றையும் விட மனதை உறுத்துவது சொந்த மகன் கதை. எட்செலை 1919-ல் கம்பெனித் தலைவராக உட்காரவைத்தார்; ஆனால் ஒரு முடிவைக்கூட நிம்மதியாக எடுக்க விடவில்லை. வயதான நண்பர்களிடம் குழந்தையாக இருந்தவர், வளர்ந்த மகனைக் குழந்தையாகவே வைத்திருந்தார். 1943-ல், அதே மே 26 அன்று, 49 வயதில் எட்செல் இறந்தார். எண்பதை நெருங்கிய தகப்பனார் மறுபடி நாற்காலியில் ஏறினார். உடம்பும் ஒத்துழைக்கவில்லை, நினைவும் ஒத்துழைக்கவில்லை. 1945-ல் வீட்டுப் பெண்கள் பிடிவாதம் பிடித்த பிறகே பேரனிடம் பொறுப்பைக் கொடுத்தார்.

1947 ஏப்ரல் 7. ஆற்றில் வெள்ளம் வந்து வீட்டில் மின்சாரம் போய்விட்டது. எடிசனின் நண்பர், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், 83 வயதில் கண்ணை மூடினார்.

அந்த டெஸ்ட் டியூபும் அந்தச் சைக்கிள் சக்கர வண்டியும் டியர்பார்ன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. பழையதைப் போற்றுவது நல்ல குணம்தான். இந்த மலரே அதற்குத்தான். ஆனால் பெஞ்சைத் தடவிப் பார்க்கிற நாம், அதில் இன்று உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் கொஞ்சம் இடம் விட்டுத் தள்ளி உட்காருவோம். இந்த வருஷம் வர முடியாமல் போன நண்பரை, வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஒரு எட்டு பார்த்துவிட்டும் போவோம்.