ஜார்ஜ் ஈஸ்ட்மன் தொழில் தொடங்கிய வரலாறு

கல்வி முடித்து வெளிச்செல்லும் மாணவருட் பலர் பிறரிடம் உத்தியோகம் பெறுவதையே நாடுகின்றனர். சொந்தமாக ஒரு தொழில் தொடங்க எண்ணுவார் சிலரே. அச்சிலரும், கையில் முதல் இல்லையே என்று மலைத்து நின்றுவிடுகின்றனர். பணந்தான் ஒரு தொழிலுக்கு முதலாவது என்பது உண்மையா? இவ்வினாவை ஆராய விரும்புவார்க்கு, புகைப்படக் கலையை எளியோர் கைக்கும் எட்டச் செய்த ஜார்ஜ் ஈஸ்ட்மனுடைய வரலாறு பெரிதும் பயன்படும். ஆதலின் அதனைச் சுருக்கமாக ஈண்டு வரைகின்றோம்.

ஈஸ்ட்மன் 1854-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12-ஆம் நாள், அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வாட்டர்வில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவருடைய தந்தையார் ராச்செஸ்டர் நகரில் வணிகக் கலாசாலை ஒன்றை நிறுவியவர். அவர் 1862-இல் காலமானபோது ஜார்ஜுக்கு வயது ஏழு. அன்னையார் மரியா அம்மையார், தம் வீட்டிலே பிறர்க்குக் கட்டணத்துக்கு உணவும் உறைவிடமும் அளித்துக் குடும்பத்தைக் காத்து வந்தார். பதினான்காம் வயதில் ஜார்ஜ் பள்ளியை விட்டு, ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வாரம் 3 டாலர் சம்பளத்துக்கு ஏவலாளாக அமர்ந்தார். பின்னர் வீட்டிலிருந்தே கணக்கியல் பயின்று, 1874-இல் ராச்செஸ்டர் சேமிப்புப் பாங்கியில் வாரம் 15 டாலர் பெறும் குமாஸ்தாவானார்.

1877-இல், விடுமுறைக்கு வெளியூர் செல்லக் கருதிய ஈஸ்ட்மன், தாம் காணும் காட்சிகளைப் படமெடுக்க விரும்பிப் புகைப்படக் கருவிகளை வாங்கினார். அக்காலத்துப் படமெடுத்தல் எளிய காரியமன்று. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, அவ்வீரம் உலருமுன் படமெடுத்து, உடனே அதனைக் கழுவியாக வேண்டும். ஆதலின் படமெடுப்போர் செல்லுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரமும், இரசாயனக் குப்பிகளும், தொட்டியும், தண்ணீரும் உடன் சென்றன. ஈஸ்ட்மன் 5 டாலர் கொடுத்து இவ்வித்தையைக் கற்றார். கற்றபின், இத்துணைச் சுமை எற்றுக்கு என்னும் எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை.

ஆங்கில நாட்டில் மாடக்ஸ் என்னும் மருத்துவர், ஜெலட்டின் கலந்த பூச்சினால் உலர்ந்த தகட்டிலும் படமெடுக்கலாமென 1871-இல் வெளியிட்டிருந்தார். 1878-இல் பென்னட் என்பார் அம்முறையைத் திருத்தி, தகட்டின் வேகத்தைப் பெருக்கினார். ஆங்கிலப் பத்திரிகைகளில் இவற்றைப் படித்த ஈஸ்ட்மன், பகலெல்லாம் பாங்கியிற் கணக்கெழுதி, இரவில் அன்னையாரின் சமையலறையிலே ஜெலட்டினைக் காய்ச்சிச் சோதனை செய்தார். களைப்பு மேலிட்ட இரவுகளில் அடுப்பருகே தரையிற் படுத்துறங்குவார். தகடுகளுக்கு ஒரே சீராகப் பூச்சிடும் யந்திரமொன்றை அமைத்து, 1879-இல் இங்கிலாந்திலும் 1880-இல் அமெரிக்காவிலும் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

1880 ஏப்ரலில், ராச்செஸ்டர் நகரத்து ஸ்டேட் தெருவில் ஒரு கட்டிடத்தின் மூன்றாம் தளத்தை வாடகைக்கு எடுத்து, உலர்தகடு செய்து விற்கத் தொடங்கினார். பழைய எஞ்சின் ஒன்றை 125 டாலருக்கு வாங்கினார். ஒரு குதிரைச் சக்தியே அவருக்குப் போதுமாயிருந்தது. வாங்கியதோ இரண்டு குதிரைச் சக்தி. தொழில் அவ்வளவுக்கு வளரலாம் என்பதே அவர் நம்பிக்கை. எனினும் பாங்கி உத்தியோகத்தை அவர் உடனே விட்டாரல்லர். சவுக்குத் தொழில் நடத்திய ஹென்றி ஸ்ட்ராங் என்பார் முதலிட்டுப் பங்காளியாக, 1881 ஜனவரியில் ஈஸ்ட்மன் உலர்தகட்டுக் கம்பெனி தோன்றியது. அவ்வாண்டு செப்டம்பரிலேதான் அவர் பாங்கியிலிருந்து விலகினார். துணிவும் நிதானமும் ஒருவரிடத்தே கூடியிருந்தமையை இங்கே காண்கின்றோம்.

விலகிய சில மாதங்களில் பேரிடர் வந்துற்றது. கடைகளிலிருந்த அவருடைய தகடுகளிற் படம் விழவில்லை என்று முறையீடுகள் வரலாயின. பார்வைக்குத் தகடுகளில் யாதொரு குறையும் புலப்படவில்லை. விற்ற சரக்கு விற்றதே என்று கைவிரித்திருந்தால் அன்றைய நட்டம் கடைக்காரரோடு போயிருக்கும். ஈஸ்ட்மனோ அத்தகடுகளைத் திரும்பப் பெற்று, அவற்றுக்கு ஈடாக நல்ல தகடுகள் அளிப்பதாக ஏற்றுக்கொண்டார். ஆனால் நல்ல தகடு செய்யும் வழிதான் அவருக்கு அகப்படவில்லை. முன்பு பயன்பட்ட அதே முறை இப்போது பயன்படவில்லை. தொழிற்சாலையை நிறுத்தி, நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்தும் பிழை இன்னதெனத் தெரியவில்லை. 1882-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, நியூகாஸில் நகரத்து மாஸன்-ஸ்வான் கம்பெனியாரின் தொழிற்சாலையிலே தங்கி அவர்கள் முறையைக் கற்றார். குற்றம் தம் முறையிலன்று, வாங்கிய ஜெலட்டினிலே என்பது அதன்பின் விளங்கிற்று. ஜெலட்டினிற் கலந்துள்ள மிகச் சிறு அளவான கந்தகச் சேர்க்கையே தகட்டுக்கு ஒளியுணர்வைப் பெருக்குகின்றது என்பதையும், மாடுகள் தின்னும் கடுகுச் செடி போன்றவற்றிலிருந்து அது வருவதையும், அவருடைய ஆராய்ச்சிசாலையிலே ஷெப்பர்டு என்னும் அறிஞர் 1925 அளவிற் கண்டறிந்தார்.

தகடுகளை மாற்றிக் கொடுத்து முடிப்பதற்குள் கம்பெனியின் கைப்பணம் அனைத்தும் கரைந்தது. எஞ்சியது நற்பெயரொன்றே. அதுவே பின்னர் வந்த செல்வத்துக்கெல்லாம் முதலாயிற்று என நாம் கருதுகின்றோம். ஏனெனில், 1888-இல் அவர் வெளியிட்ட கோடக் காமிரா முற்றும் நம்பிக்கையின்மேல் நடந்த வாணிகம். 100 படங்களுக்குரிய சுருள் அடங்கிய அப்பெட்டியின் விலை 25 டாலர். படமெடுத்து முடித்தபின் பெட்டியையே ராச்செஸ்டருக்கு அனுப்பினால், 10 டாலருக்குப் படங்களை அச்சிட்டு, புதுச் சுருளும் இட்டுத் திருப்பியனுப்புவர். தம் குழந்தையின் படமும் தாயின் படமும் அடங்கிய பெட்டியை, முன்பின் அறியாத ஒருவர்க்கு யார்தாம் அனுப்புவர்? அவர் சொல்லை நம்பியே மக்கள் அனுப்பினர். 1900-இல் 1 டாலர் விலையுள்ள பிரௌனிக் காமிரா வெளிவந்தது, சிறுவரும் படமெடுக்கலாயினர்.

அவர் வாழ்வு முற்றும் மாசற்றது என்று நாம் கூறோம். ஒளி ஊடுருவும் பிலிமுக்கு 1887-இலேயே காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தவர் ஹானிபல் குட்வின் என்னும் குருவானவர். அவருரிமை பற்றிய வழக்கிற் கம்பெனி தோற்று, 1914-இல் 50 இலட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. குட்வின் அதற்கு முன்னரே, 1900-இல், இறந்துவிட்டார். கடைக்காரரின் நட்டத்தைத் தம் நட்டமாக எண்ணிய அதே மனிதர், போட்டியாளரின் உரிமையை அவ்வாறு எண்ணவில்லை. இதனையும் மாணவர் மறத்தலாகாது.

பிற்காலத்தில் அவர் ஈட்டிய பொருளை வாரி வழங்கினார். மஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரிக்கு ஸ்மித் என்னும் புனைபெயரிற் பெருநிதி உதவினார். 1924-இல் ஒரே நாளில் 3 கோடி டாலரை நான்கு கல்வி நிலையங்களுக்குப் பகிர்ந்தளித்தார். அவற்றுள் டஸ்கீஜியும் ஹாம்ப்டனும் நீக்ரோ மக்களுக்குக் கல்வியளித்து வந்தவை. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. முதுகெலும்பு நோயால் மிக வருந்தி, 1932 மார்ச் 14-ஆம் நாள் 77-ஆம் வயதிலே தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டமை வருந்தத்தக்கது.

நம் மாணவருள் எவரேனும் நாளை ஒரு சிறு கடையேனும் தொழிற்சாலையேனும் தொடங்குவாராயின், அவருக்கும் ஒருநாள் கெட்ட சரக்கு திரும்பி வரும். அன்று கைப்பணத்தைக் காப்பதா, வாக்கைக் காப்பதா என்னும் வினா எழும். அப்பொழுது ஸ்டேட் தெருவின் மூன்றாம் தளத்திலே, இருந்த பணத்தையெல்லாம் செலவிட்டு வாக்கைக் காத்த இளைஞரை அவர் நினைவாராக.