மிதாத் பாஷா

1876 டிசெம்பர் 23ஆம் நாள். பால்கன் நாட்டுக் கிறித்தவரின் நிலை பற்றி ஆராய ஐரோப்பிய வல்லரசுகளின் தூதுவர் இஸ்தான்புல் நகரிற் கூடியிருந்தனர். முதல் அமர்வு நடக்கையிலேயே வெளியே பீரங்கிகள் முழங்கின. ஒட்டோமன் பேரரசு தன் முதல் அரசியல் யாப்பைப் பெற்றுவிட்டதென்றும், குடிகள் யாவரும் சமமாயினர் என்றும், பிறர் வந்து உரிமை வாங்கித்தர வேண்டியதில்லையென்றும் அம்முழக்கம் அறிவித்தது. அதன் பின்னின்றவர், நான்கு நாட்களின் முன் தலைமை வசீராகிய மிதாத் பாஷா.

1822இல் ஒரு காதியாரின் மகனாய்ப் பிறந்து, எழுதுவினைஞராய் அரச சேவையிற் புகுந்தவர் அவர். 1861இல் நீஷ் மாகாணமும் 1864இல் டான்யூப் மாகாணமும் அவர் ஆட்சிக்கு வந்தன. அவருடைய உண்மையான பெருமை இக்காலத்ததே என்பது எம் கருத்து. வட்டிக்காரரின் பிடியில் நைந்த உழவர்க்காக 1863இல் பிரோத் என்னும் ஊரிற் கடனுதவி நிதியம் ஒன்றை நிறுவினார். ஊரார் கூடிப் பொதுநிலத்திற் பயிரிட்டு விற்ற தானியமே அதன் முதல். முஸ்லிம் அநாதைகளும் கிறித்தவ அநாதைகளும் ஒரே கூரையின்கீழ்த் தொழில் பயின்றனர். மாகாணப் பத்திரிகை துருக்கியிலும் பல்கேரிய மொழியிலும் வெளிவந்தது.

ஆயினும், இரு சாராரின் பிள்ளைகளையும் ஒரே பாடசாலையில் அமர்த்த அவர் வகுத்த திட்டத்தைப் பல்கேரியர் ஏற்றிலர். தம் உழைப்பால் எழுப்பிய பள்ளிகளையும் அவற்றோடு தம் மொழியையும் இழக்க நேருமென அஞ்சினர். அவ்வச்சத்தைப் பாஷா உணர்ந்தாரல்லர். 1867, 1868ஆம் ஆண்டுகளில் ஆற்றைக் கடந்து வந்த கிளர்ச்சிக் குழுவினரைத் தூக்குமரத்தாலேயே அடக்கினார். பாலம் அமைத்த கையும் அதுவே.

ஆர்மேனியரான கிரிகோர் ஒதியான் போன்றோரின் துணையுடன் உருவான யாப்பிலும் இம்முரணைக் காணலாம். எச்சமயத்தவரும் ஒட்டோமானியரே என்றது ஓர் உறுப்புரை. அரச பதவிக்குத் துருக்கி மொழி அறிந்திருத்தல் வேண்டும் என்றது மற்றொன்று. இவற்றினும் கொடியது 113ஆம் உறுப்புரை. அரசுக்கு ஊறு விளைப்பார் எனக் கருதுவோரை நாடு கடத்தும் அதிகாரத்தை அது சுல்தானுக்கு ஈந்தது. நண்பர் சிலர் தடுத்தனர். யாப்பே கைநழுவிப் போகலாகாதென்று மிதாத் இணங்கினார்.

1877 பெப்ருவரி 5ஆம் நாள் அவ்வுறுப்புரை கொண்டே அப்துல் ஹமீது அவரைக் கப்பலேற்றினார். ஆறு வாரங்களின் பின் முஸ்லிம், கிறித்தவ, யூத உறுப்பினர் அமர்ந்த பாராளுமன்றம் கூடியபோது அவர் அங்கில்லை. அடுத்த ஆண்டே அது மூடப்பட்டது. ருஷியப் போரின் முடிவில் டான்யூப் மாகாணத்தின் பெரும்பகுதி பல்கேரியாவாயிற்று.

பின்னர் அவர் மீள அழைக்கப்பட்டுச் சிரியாவையும் இஸ்மிரையும் ஆண்டார். 1881இல், முன்னைய சுல்தான் அப்துல் அஸீஸைக் கொல்வித்தார் என்ற குற்றச்சாட்டின்பேரிற் சிறைப்பட்டார். மரண தண்டனை ஆயுட்சிறையாக மாற்றப்பட்டு, அரேபியாவின் தாயிபுக் கோட்டைக்கு அனுப்பப்பட்டார். சில ஆண்டுகளில் ஓரிரவு, காவலர் அவர் கழுத்தை நெரித்துக் கொன்றனர்.

யாப்பு 1908இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அவர் எலும்புகள் இஸ்தான்புல் வந்து சேர்ந்தது 1951இல். அதற்குள் அந்தப் பேரரசே இல்லாது போயிற்று.